கடைசி லொறியில் வந்தவர்

ஊர் சைக்கிள் போட்டியில், குண்டசாலையிலிருந்து தெல்தெனிய வரை மிதித்தே தீருவேன் என்று வீட்டில் சூளுரைத்துவிட்டு வந்திருந்தேன். பல்லேகல தாண்டியதும் எனக்குப் பின்னால் யாருமில்லை. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் லொறி மட்டும் ஊர்ந்து வந்தது. மலைகள் எழுந்துகொண்டே போயின. நான்தான் அங்கேயே இருந்தேன்.

லொறியிலிருந்து ஒருவர் குதித்தார். மெலிந்த தேகம், நரைத்த மீசை, சைக்கிள்கள் உரசாமலிருக்க இடையில் வைக்கும் சாக்கு ஒன்று தோளில். என் பக்கத்திலேயே நடந்தார். நான் மிதித்த வேகத்துக்கு, அவ்வப்போது நின்று எனக்காகக் காத்திருந்தார்.

“ஏறிக்கிறீங்களா சார்?”

“மாட்டேன். மலையே எதிர்த்து வந்தாலும் மாட்டேன்!”

மூச்சிரைக்கக் கவிதை பேசினேன். முழங்கால்கள் அதற்குக் கைதட்டவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்க சார். பன்னெண்டு மணிக்கு தங்கச்சி மகளுக்கு தாலிகட்டு. மாமன் நான் இல்லாம நடக்காது. நீங்க ஏறுனாத்தான் நாங்க போகலாம்.”

“அடடா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?”

ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றும் பெருந்தன்மையோடு இறங்கினேன். அவர் என் சைக்கிளைக் குழந்தையைப் போலச் சாக்கில் சுற்றிக் கிடத்தினார். பிறகு சாரதியைப் பார்த்துக் கத்தினார்: “அண்ணே, மெதுவாவே விடுங்க. வழியில பிளேன்டீ குடிச்சிட்டுப் போவோம்.”

“அப்ப கல்யாணம்?” என்றேன்.

“அது நடக்கும் சார்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தக் கல்யாணத்துக்காகவே போட்டியை விட்டுக்கொடுத்ததாக இன்றும் வீட்டில் சொல்கிறேன். மணப்பெண்ணின் பெயரைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.