தவக்காலத்தில் பருத்தவர்

இடது உள்ளங்கையில் சதுரக் காகிதம் விரிந்தது. வலது கை தகரக் கரண்டியால் பொடியை அள்ளி, டப்பாவின் வாயில் ஒருமுறை தேய்த்து மட்டமாக்கி, காகிதத்தின் நடுவில் கொட்டியது. கட்டைவிரல் நகம் மடிப்பை அழுத்தியது. இரண்டு ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டன. பொட்டலம் மேஜைமேல் விழுவதற்குள் அடுத்த காகிதம் விரிந்தாயிற்று. அந்தக் கைகளைக் கண்கள் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. மெலிந்த விரல்கள், குச்சி போன்ற மணிக்கட்டுகள். அவற்றுக்கு உரிய உடம்போ மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில் பிதுங்கி, சட்டைப் பொத்தான்களை இழுத்துக்கொண்டிருந்தது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், அய்யாதுரை வைத்தியரின் மூச்சுப்பொடிக்குப் பொட்டலம் கட்டுகிறவர் பிரகாசம். சாந்தோம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். இளவயதில் மவுண்ட் ரோட்டு இங்கிலீஷ் மருந்துக் கடை ஒன்றில் பாட்டில் கழுவச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்தே மருந்து கலக்கக் கற்றுக்கொண்டார். பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. ஐப்பசி பிறந்து கடற்காற்றில் ஈரம் ஏறிவிட்டால் படுக்கவும் முடியாது, பேசவும் முடியாது. தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் சாய்ந்தபடியே விடியும். வேலையும் அதனாலேயே போயிற்று. யாரோ சொல்லி அய்யாதுரையிடம் வந்தார். தினம் அவர் பொடியைச் சாப்பிட்டு ஒரு வாரத்தில் மாடிப்படி ஏறினார். அந்த மழைக்காலம் முழுவதும் மல்லாந்து படுத்துத் தூங்கினார். அதற்குப் பிறகும் பொடியை நிறுத்தவில்லை. அவர் மனைவி மர்சலின், பள்ளிக்கூட டீச்சர், மாதாவுக்கு மெழுகுவத்தியும் வைத்தியருக்குப் பழத்தட்டும் கொண்டுபோனாள்.

"மருந்துக் கடையில இருந்தவருன்னு சொல்லுதீரே, நம்மகூடயே இருந்திரும்" என்றார் அய்யாதுரை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெரிய மீசையும் தாழ்ந்த குரலும். "நீரு எனக்குச் சம்பளக்காரன் இல்லவே. சாட்சி."

சாட்சியாகத்தான் வைத்துக்கொண்டார். வாசல் பெஞ்சில் உட்காரும் புது நோயாளி, "சரியாயிடுமா?" என்று இழுத்தால் வைத்தியர் மோவாயால் பிரகாசத்தைக் காட்டுவார். "எலும்பும் தோலுமா வந்தவரு. இப்பப் பாரும்."

எல்லாரும் பார்த்தார்கள், சந்தோஷப்பட்டார்கள். உடம்பு தேறுவது நல்ல சேதிதானே? பிரகாசமும் முதலில் அப்படித்தான் நினைத்தார். சட்டைகளைப் பிரித்துத் தைத்தார்கள். அடுத்த வருஷம் புதிதாகவே தைத்தார்கள். முகம் வட்டமாகிக் கன்னங்கள் கண்களை மேலே தள்ளின. குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் போனபோதுதான் அவருக்கு யோசனை வந்தது.

அன்றிலிருந்து விடியற்காலையில் சாந்தோம் மணலில் இறங்கி, அடையாற்று முகத்துவாரம்வரை நடந்து திரும்பினார். திரும்பி வந்ததும் வாசலில் நின்று பஸ்கி எடுத்தார். ராத்திரிச் சோறு நின்றது. எண்ணெய் இல்லாத கோதுமை தோசைதான். டீயில் சர்க்கரை கிடையாது. மாம்பலம் ஸ்டேஷன் எடை இயந்திரத்தில் காசு போட்டால் அட்டை வரும். அட்டையில் எடை ஏறியிருக்கும், பக்கத்திலேயே 'உங்கள் முயற்சி பலிக்கும்' என்று அச்சடித்திருக்கும்.

"உண்மையச் சொல்லுங்க, லஸ் முனையில எந்த ஓட்டல்ல சாப்புடுறீங்க?" என்று மர்சலின் ஒருநாள் கேட்டாள்.

"ஓட்டலா? நீ கட்டிக் குடுத்த வெள்ளரிக்காயத் தவிர ஒண்ணுமில்ல."

"வெள்ளரிக்காய் தின்னு தொப்பை வந்த மனுஷன ஊர்ல வேற யாராவது காட்டுங்க பாக்கலாம்."

சொன்னதோடு விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கே வந்து நின்றாள். அவர் மேஜையருகே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் அப்படியே திரும்பிப் போனாள். சாயங்காலம் வீட்டில் அவர் முகத்தைப் பார்க்காமல், "அப்ப உங்களுக்கு என்னங்க ஆகுது?" என்றாள். சந்தேகப்பட்டுச் சண்டை போட்டதைவிட அந்தக் கேள்வி அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

1974ஆம் வருஷத்துத் தவக்காலத்தில் நாற்பது நாளும் ஒரு வேளைதான் சாப்பிடுவது என்று நேர்ந்துகொண்டார். தவக்காலம் முடிகிறவரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டரன்று திருப்பலிக்குப் புறப்பட்டால் கால்சட்டைக் கொக்கி மாட்டவில்லை. கோயில் வாசலில், அதே கோயிலுக்கு வரும் பவுல்சாமி பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஊரே இளைச்சுப் போயி நிக்குது. உங்களுக்கு மட்டும் ஆண்டவர் டபுள் ரேஷன் குடுக்கிறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரகாசமும் சிரித்தார். சட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றில் இருபுறமும் நாவற்பழச் சாற்றால் இழுத்ததுபோல் கோடுகள் ஓடின. சில நாட்களாகப் பனியனோடேயே குளித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் ஷரஃபுதீன் இறந்த சேதி வந்தது. ராயப்பேட்டையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர், வெகுநாளாக மூச்சுப்பொடி சாப்பிடுகிறவர். "கம்பவுண்டர் சாப், நீயும் நானும் ஒரே மில்லு அரிசி மூட்டை" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். ஆம்பூரில் மகள் வீட்டுக்குப் போனவருக்குப் பொடி தீர்ந்துவிட்டது. வாந்தி எடுத்தாராம், சுருண்டு படுத்தாராம், வாரம் முடியுமுன் போய்விட்டாராம். மாரடைப்பு என்றார்கள். அய்யாதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் புதிதாக ஒரு கிழவர் வந்தார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பழைய நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மேஜைக்குப் பின்னால் இருந்த பிரகாசத்தையும் பார்த்தார்.

"இன்னா சார், எல்லாரும் ஒரே குடும்பமா? மூஞ்சி ஒரே அச்சா கீது!"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. பிரகாசம் நிமிர்ந்து பார்த்தார். ஒருத்தி பூவிருந்தவல்லிக்காரி, ஒருவர் மாம்பலத்து ஐயர், ஒருவன் ரிக்‌ஷாக்காரன். எல்லாருக்கும் அதே வட்ட முகம், அதே சிவந்த கன்னம், பிடரிக்குக் கீழே அதே சதைத் திரட்சி, ஊதிய உடம்பில் அதே குச்சிக் கால்கள். சுவரில் கண்ணாடி தொங்கியது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து பொடியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். பருக்க வைப்பது எதுவோ, அதை விட்டால் இளைக்கலாம். அவருக்குத் தோன்றிய கணக்கு அவ்வளவுதான். முதலில் சோர்வு வந்தது. பிறகு சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அப்படியும் நடையை விடவில்லை. மணலில் பாதி தூரம் போயிருப்பார். கடலும் வானமும் இடம் மாறின. வலையை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் தூக்கி வந்து வீட்டில் போட்டார்கள். நெஞ்சு விசிலடித்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. மர்சலின் வைத்தியரிடம் ஆள் அனுப்பினாள். அய்யாதுரை தாமே வந்து, இரண்டு பொட்டலத்தை ஒன்றாகத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். சாயங்காலம் பிரகாசம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். மர்சலின் வைத்தியரின் காலில் விழப் போனாள். பிரகாசம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொடி அரைக்கும் உள்ளறைக்கு வைத்தியரைத் தவிர யாரும் போவதில்லை. மலையிலிருந்து வரும் பற்பம், நீறாக்கிய மருந்து, பிறர் கை படக் கூடாது என்பார். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, வைத்தியர் குளிக்கப் போன நேரத்தில் பிரகாசம் உள்ளே நுழைந்தார். மருந்து அரைக்கும் கல்வத்தில் திப்பிலித் தூளோடு சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள் பாதி நொறுங்கிக் கிடந்தன. பக்கத்தில் இங்கிலீஷ் மருந்து டப்பா. அந்த டப்பாவை மவுண்ட் ரோட்டில் அவர் எத்தனையோ தடவை தூசி தட்டியிருக்கிறார். சில நாளைக்கு மட்டும் கொடுக்கிற மருந்து, நாள்பட்டால் உடம்பை ஊதவைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், சட்டென்று நிறுத்தினால் ஆள் விழுந்துவிடுவான் என்று கடை முதலாளி சொல்லிச் சொல்லிக் கொடுப்பார்.

அவர் திரும்பியபோது வைத்தியர் ஈரத் துண்டோடு வாசலில் நின்றார். கோபப்படவில்லை.

"பற்பமும் கெடக்கு, அதுவும் கெடக்கு" என்றார்.

"மாசக்கணக்குல, வருஷக்கணக்குல குடுக்கிற மருந்தா இது?"

"உமக்கு மூச்சு வந்துச்சா, இல்லையா? கல்லறைக்குப் போக வேண்டிய ஆளு, இங்க நின்னு எனக்கு நியாயம் சொல்லுதீரு."

"ஷரஃபுதீன் பாய்?"

"அவரு பொடிய விட்டாரு. நானா விடச் சொன்னேன்?" வைத்தியர் டப்பாவை எடுத்து மூடினார். "நீரும் விடாதேயும்வே. விட்டா என்ன ஆகும்னு மணல்ல பாத்தாச்சுல்லா?"

அதற்குப் பிறகும் பிரகாசம் வேலைக்கு வந்தார். வேறு எங்கே போவார்? பொடி இங்கேதான் இருந்தது. தம் பங்கில் மட்டும் நகக்கண் அளவு குறைத்துப் பார்த்தார். குறைத்த அன்றே நெஞ்சில் விசில் கேட்டது. விடிந்தால் நடந்தார், ராத்திரி கோதுமை தோசை சாப்பிட்டார். நடப்பதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்த பிறகும், நிறுத்தினால் மர்சலின் கேட்பாளே என்று நடந்தார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் முனியம்மாள் வந்தாள். தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரை விற்பவள். போன வருஷத்திலிருந்து பொடி சாப்பிடுகிறாள். கூடவே பாவாடை கட்டிய மகள்.

"இன்னா நைனா, நல்லா கீறியா? இது எம் பொண்ணு தங்கம். என் இரைப்பு இதுக்கும் வந்துச்சு."

வைத்தியர் பெண்ணின் நாடி பிடித்துப் பார்த்தார். "அம்மாவுக்கு வழக்கம்போல. குட்டிக்கு அரைக்கரண்டி போட்டுக் கட்டும், பிரகாசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"நல்லா கட்டு நைனா" என்றாள் முனியம்மாள். "பள்ளியோடத்துல இத ஒட்டடக்குச்சின்னு கூப்புடுறாளுங்கோ. உன்ன மாரி கொழுகொழுன்னு ஆவட்டும். என்னையே பாரேன், போன வர்சம் எப்டி இருந்தேன்!"

பெண்ணின் தோள்கள் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. பிரகாசம் தாய்க்கு உரியதைக் கட்டி முடித்தார். சின்னக் காகிதங்களை வரிசையாக விரித்தார். கரண்டி பெரிய டப்பாவின் வாயில் நின்றது. அங்கிருந்து நகர்ந்து, வெறும் சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் இருந்த இருமல் சூரணத்துச் சின்ன டப்பாவுக்குள் போனது.

"அது வேற பொடியாச்சே! எனுக்குக் குட்த்தத குடு. இல்லாங்காட்டி என்னுதுல பாதிய இதுக்குக் குட்த்துடுவேன், ஆமா."

பிரகாசம் உள்ளறைத் திரையைப் பார்த்தார். எழுந்து சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றிப் பனியனைத் தூக்கினார்.

"ஐயே! இன்னா நைனா இது? எவனாச்சும் சவுக்கால அடிச்சானா?"

"மெல்லப் பேசு. உனக்கும் இருக்கும்."

அவள் கை புடவைக் கொசுவத்துக்கு மேலே போய் நின்றது. "புள்ள பெத்த கோடுன்னு நெனச்சேன்" என்றாள்.

"நான் தினம் நடக்கிறேன். ராத்திரி சோறு தொடறதில்ல. இது சோத்துல வந்த உடம்பு இல்ல முனிம்மா, பொடியில வந்தது. புள்ளைக்கு வேணாம்."

"அப்ப எனுக்கு மட்டும் எதுக்குக் கட்டினே?"

"நீ சட்டுனு நிறுத்தினா விழுந்துடுவ. நானும் அப்படித்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தப் பொட்டலத்தக் காட்டி, இதத்தான் சாப்புடுறேன்னு சொல்லு. கொஞ்சங்கொஞ்சமா கொறைக்க அவங்களுக்குத் தெரியும். புள்ளையையும் கூட்டிக்கினு போ."

"நீ போனியா நைனா?"

அவர் பனியனை இறக்கிவிட்டார். பொத்தான்கள் சுலபத்தில் மாட்டவில்லை.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "பிரகாசம், குட்டிக்குக் கட்டியாச்சா?"

"ஆச்சு, வைத்தியரே."

உட்கார்ந்து, சூரணம் போட்ட சின்னப் பொட்டலங்களின் ஓரங்களை ஒவ்வொன்றாகச் செருகி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நூல் சுற்றி முடிச்சிட்டார். காலடி ஓசை திரையை நெருங்கியது. முனியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள். பிரகாசம் முதலில் அவளுக்கு உரிய கட்டையும், அதன்மேல் மகளுடையதையும் அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.