மணி அடிக்காத சாவுகள்

காதுக்குப் பின்னால் குவிந்திருக்கும் ஒரு வலது கை. எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்தக் கைதான் வந்து நிற்கிறது. கடற்கரைக்கு மேலே மேட்டில், புன்னை மர நிழலில் ஒரு சுக்குக் காப்பிக் கடை. அதன் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் குடை, தோளில் துண்டு. கீழே தென்னந்தோப்பைத் தாண்டி மாதா கோயில் கோபுரம் தெரியும். அங்கிருந்து மணிச்சத்தம் கிளம்பியதும் வலது கை தானாகக் காதுக்குப் போகும், இடது கை என்னைப் பேசாதே என்று அமர்த்தும். சத்தம் அடங்கியபின், "ஆம்பிளை. எழுதிக்கிடும் வே" என்பார். நான் எழுதிக்கொள்வேன். அந்தக் கடற்கரையைப் பொறுத்தவரை அரசாங்கத்தின் சாவுக் கணக்கு பிறந்த இடம் அந்தப் பெஞ்சுதான்.

அது எங்கள் ஜில்லா திருவனந்தபுரத்தின் கீழ் இருந்த திருக்கொச்சி ராஜ்யக் காலம். நான் தமிழில் நினைத்து, மலையாளத்தில் திட்டு வாங்கி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த இளம் குமாஸ்தா. என் கையெழுத்துக்காகக் கிடைத்த வேலை. சுகாதாரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது எனக்கு இருக்க வேண்டும் என்பது மட்டுமே. இன்ஸ்பெக்டர் நாஞ்சில் நாட்டு வயற்காட்டு ஊர்க்காரர். நெற்றி நிறைய விபூதி, பரம்பரைச் சைவம். மீன் வாடை பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்து, தேங்காய்ப்பட்டணத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவிலுள்ள ஒரு கடற்கரை ஊரை இலாகா ஒப்படைத்திருந்தது. அவரும் தோற்றுப் போகவில்லை. அந்த ஊரில் மணி அடிக்காமல் எந்தப் பிணமும் கல்லறைக்குப் போகாது. பங்குச்சாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கே வராதவனுக்கும் கடைசி மணி உண்டு. ஆணுக்கு மூன்று அடி, பெண்ணுக்கு இரண்டு, குழந்தைக்குச் சின்ன மணி. காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டால் வாடை படாமல் ஒரு கடற்கரையையே கணக்கெடுத்துவிடலாம். ஆரம்பத்தில் மட்டும் சிறு பிசகு நேர்ந்தது. நடுப்பகல் ஜெப மணியும் மும்மூன்றாகத்தான் அடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் பகுதியில் ஆண்கள் மட்டும் தினமும் உச்சிப்பொழுதில் சாவதன் காரணம் என்ன என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் கணக்கில் யாரும் பழுது கண்டதில்லை.

அப்புறம் வாந்திபேதி வந்தது. கடற்கரை நெடுக வந்தது. நான் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடித்தேன், காலும் அதில்தான் கழுவினேன். ஒரு சட்டைப்பையில் கற்பூரம், மற்றதில் எலுமிச்சம்பழம். பார்த்தவர்கள் அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போகிற ஆள் என்றே நினைத்திருப்பார்கள். முதல் சில நாட்கள் பெஞ்சில் எங்களுக்குப் பேச நேரமில்லை, மணி அப்படி அடித்தது. பிறகு ஒருநாள் சாவு மணி நின்றது. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கையைக் குவித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "பாத்தீரா வே, இறங்கிட்டு! நல்ல கொட்டை எழுத்துல எழுதும்!" எழுதினேன். நோய் தணிந்துவிட்டது, சாவு இல்லை. அவர் கையொப்பமிட்டார். அறிக்கை திருவனந்தபுரத்துக்குப் போனது.

கடற்கரை முழுவதற்கும் இருந்தது தடுப்பூசி போடும் ஒரே ஒரு ஊசி வண்டி. அதிலிருந்த மருந்தோ கொஞ்சம். சாவு எங்கே அதிகமோ வண்டி அங்கே போகும். திருவனந்தபுரத்திலிருந்து பெரிய டாக்டர் குறித்த ஒரு நாள் காலை வந்து, எங்கள் ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியைக் கிழக்கே திருப்பிவிடுவதாக ஏற்பாடு.

அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் மணல் மேட்டில் ஒரு மீன்காரி ஏறி வந்தாள். இடுப்பில் இருந்த ஓலைக் கடவம், மீன் சுமக்கும் கூடை, காலி. இன்ஸ்பெக்டர் வழக்கம்போலத் துண்டை மூக்குக்கு உயர்த்தினார்.

"ஏமானே, ஊசி வண்டி எங்க ஊருக்கு வராதுன்னு சொல்லுதாவ. உள்ளதா?"

"உங்க ஊர்லதான் இப்பம் சாவே இல்லியே. வேற ஊர்க்காரன் பிழைக்காண்டாமா?"

"சாவு இல்லன்னு ஆரு சொன்னா?"

இன்ஸ்பெக்டர் கோபுரத்தைக் காட்டினார். "ஒரு வாரமாட்டு மணி அடிக்கலியே."

அவள் கோபுரத்தைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். இந்த மனிதர் இத்தனை வருடமாக இங்கே உட்கார்ந்து என்னதான் செய்துகொண்டிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது போலிருந்தது.

"எனக்க மாப்பிள போன வெள்ளியாழ்ச்ச செத்தாரு. மணி இல்ல. சாமிதான் அடிக்காண்டாம்னு சொன்னாரு. சாவு மணி கேட்டா, தீனத்துல கெடக்குதவனுக்கு மிச்சம் உள்ள உசிரும் போயிருதாம். ஊர்லயும் ஆரும் மூச்சு விடல. தீனம் உள்ள ஊருன்னு தெரிஞ்சா கருங்கல் சந்தையில எங்க கடவத்த எறக்க விடுவானுவளா?" கடவத்தைத் தரையில் போட்டாள். "வீட்டுல ரெண்டு பிள்ளைய இன்னும் தீனம் தொடாமக் கெடக்கு. நீங்க மணியத்தான் எண்ணுவியளா ஏமானே, ஆள எண்ண மாட்டியளா?"

இன்ஸ்பெக்டர் குடையை எடுத்தார். கடைக்காரர் பதறிப்போய், "ஏமானே, கீழ மீன் நாறுமே!" என்றார்.

"நாறட்டும் வே."

துண்டால் மூக்கை இறுக்கிக்கொண்டு அவர் மணலில் இறங்க, அவருக்குப் பின்னால் கற்பூரம் மணக்க நானும் இறங்கினேன். பாதித் தெருவுக்கு வந்ததும் நின்றார். துண்டை மெல்ல இறக்கினார். காற்றை ஒருமுறை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். "வாடை இல்லியே வே" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சாளை மீன் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வருகிற பருவம் அது. ஆனால் கட்டுமரங்கள் எல்லாம் மணலில் ஏறிக் காய்ந்துகொண்டிருந்தன. வலை விரித்த ஆளில்லை, மீன் உலர்த்திய முற்றமில்லை. வீட்டுக்கு வீடு சாம்பிராணிப் புகை மட்டும் வந்தது. வாழ்நாள் முழுவதும் எந்த வாடைக்குப் பயந்து ஒதுங்கினாரோ அதைத் தேடி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார் அந்தச் சைவர்.

கல்லறைத் தோட்டத்தில் தென்னை மட்டைச் சிலுவைகள் புதிது புதிதாக நின்றன. நான் எண்ண ஆரம்பித்தேன். "எண்ணாதீங்க, தப்பாப் போகும்" என்றார் பின்னால் வந்த பங்குச்சாமியார். கண் குழிந்து, அங்கி தொளதொளவென்று தொங்கியது. "ஒரு குழியில ரெண்டு பேரை வச்சிருக்கோம். நானே கொஞ்ச நாள் படுத்துட்டேன், அப்பம் அடக்கினது எனக்கே தெரியாது."

இன்ஸ்பெக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். இல்லை என்று கையொப்பம் போட்டவரே உண்டு என்று சொன்னால் டாக்டர் சாட்சி கேட்பார். அதனால், "நாளைக்குக் காலைல அவர் மேட்டுல வந்து நிப்பாரு. அப்பம் அடியுங்க சாமி. விட்டுப்போனது அத்தனைக்கும் அடியுங்க. என் வேலைக்கும் சேர்த்து ஒரு மணி அடிச்சிருங்க."

"கிடக்கிறவங்க கேட்டு மனசு விட்டுட்டா?"

மீன்காரி முந்திக்கொண்டாள். "ஊசி இல்லாம, எழும்பி நிக்குதவங்களும் போயிட்டா, பொறவு ஆருக்குச் சாமி மனசு?"

சாமியார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் போனார். அடிப்பாரா மாட்டாரா என்று தெரியாமலேதான் நாங்கள் மேடேறினோம்.

காலையில் ஜீப் வந்தது, பின்னால் ஊசி வண்டி. பெரிய டாக்டர் இறங்கி, கடலை அழகாயிருக்கிறது என்பது போலப் பார்த்து, சுக்குக் காப்பி வாங்கிக் குடித்தார். கோபுரத்தில் சத்தமில்லை. டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். ஜீப்பில் ஒரு காலும் வைத்துவிட்டார். அப்போது அடித்தது! மூன்று அடி. சாவு மணி கேட்டுக் குதிக்கத் தோன்றிய ஒரே ஜீவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். இன்ஸ்பெக்டரின் கை காதுக்குப் போனது. "ஆம்பிளை" என்றார் டாக்டரைப் பார்த்து. அது மீன்காரியின் புருஷனுக்கு அடித்தது. கோபுரத்தடியில் வரிசையில் முதல் ஆளாக நின்று செத்தவர் பெயரைச் சொன்னவள் அவள் என்று பிறகு தெரிந்தது. அடுத்து இரண்டு. "பொம்பிளை." சின்ன மணி. "பிள்ளை." மறுபடி சின்ன மணி. "பிள்ளை." மூன்று, இரண்டு, சின்னது, சின்னது. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது, கடைக்காரர் கவனிக்கவில்லை. ஒரு கட்டத்தில் இன்ஸ்பெக்டர் சொல்வதை நிறுத்திவிட்டார். கை காதிலிருந்து இறங்கிவிட்டது. கேட்பதற்குக் கையைக் குவிக்க வேண்டிய தேவை அன்று இல்லை.

"மதி, மதி. நிர்த்தான் பறயூ" என்றார் டாக்டர், போதும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று மலையாளத்தில்.

"முடியட்டும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். மேலதிகாரியிடம் தும்மல் வந்தால்கூட அனுமதி கேட்கிறவர் அவர்.

முடிந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. டாக்டர் டிரைவரிடம் கீழே கையைக் காட்டினார். வண்டி இறங்கியது, மணலில் புதைந்தது. ஊர்ப் பெண்கள் ஓடிவந்து தள்ள, நானும் ஆவேசமாகத் தள்ளியதில் கற்பூரம் எலுமிச்சம்பழம் எல்லாம் மணலில் உருண்டன. இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையால் இழுத்துக்கொண்டு மீன்காரி முதலில் வந்து நின்றாள். அவர்கள் வாய்விட்டு அழுதார்கள், அவள் அவர்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் போட்டார்கள். ஊசியைக் கண்டு மயங்கி விழுந்த சர்க்கார் ஆள் என்ற முறையில் அந்த ஊர் என்னை இன்றும் மறந்திருக்காது.

ஆனால் கணக்கு? மணிச்சத்தத்தைச் சாட்சியாக ஏற்க விதியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏதோ கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு வேலை போகவில்லை, வரவிருந்த உத்தியோக உயர்வுதான் போனது. இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. சில பிள்ளைகளின் பெயரை அம்மா வீட்டாரும் சொல்லி அப்பா வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை மணி. அதை இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "கூடிப்போனா கூடிட்டுப் போட்டும் வே. இத்தனை நாள் குறைஞ்சதுக்கு ஒருத்தனும் விளக்கம் கேக்கலியே" என்றார். பிறகு எங்கள் ஜில்லாவே தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த எண் இப்போது எந்தத் தலைநகரத்து அலமாரியில் தூங்குகிறதோ தெரியாது. எங்கே தூங்கினாலும் அது சரியான எண் இல்லை. சரியான எண் எது என்று சத்தியம் செய்ய என்னாலும் முடியாது.

இன்றைக்குக் காலையில் பத்திரிகையைப் பிரித்தேன். எங்கோ ஒரு ஊரில் ஏதோ ஒரு காய்ச்சல். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, உயிர்ச்சேதம் இல்லை என்று நாலு வரி. படித்து முடிக்கும்போது என் வலது கை காதுக்குப் பின்னால் போய்க் குவிந்திருந்தது. காப்பி கொண்டுவந்த மனைவி வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரு கூப்பிட்டா?" என்றாள்.

"ஆரும் கூப்பிடல்ல. அதான் கேட்டுப் பாக்கேன்" என்றேன்.