பின் வரிசையில் ஜெகதீஸ்வரன்

நோர்வேயின் எல்லிங்ஸ்ருட்டில் வசித்த பஸ் ஓட்டுநர் ஜெகதீஸ்வரன், மகள் சோபிகா பார்மசி படிக்கிறாள் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவளோ இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அதை விட்டுவிட்டு, பண்டைய எகிப்து மொழிக்கு மாறினாள். அந்தத் தகப்பனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்?

"செத்துப்போன பாஷை. அதிலை ஆரோடை கதைக்கப்போறாய்?"

"உயிரோடை இருக்கிற பாஷையிலையாவது என்னோடை கதைக்கிறீங்களோ, அப்பா?"

கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். டிசம்பர் வாய்மொழிப் பரீட்சையில் தவறினால், திரும்பவும் பார்மசி. அவள் சம்மதித்தாள்.

முதலில் அந்த மொழி இலகுவாகத்தான் இருந்தது. அடிச்சொல், பிறகு காலம், பிறகு ஆள். தமிழ் வினை போலவே. ஆனால் சில வினைகள் ஓரிடத்தில் கடைசி எழுத்தை விழுங்கின, இன்னோரிடத்தில் நடு எழுத்தை இரட்டித்தன. குளியலறைக் கண்ணாடியில்கூட அவற்றை ஒட்டி வைத்துப் படித்தாள்.

நோர்வேயில் வாய்மொழிப் பரீட்சையை யாரும் வந்து பார்க்கலாம். வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்று பரீட்சை தொடங்கும் நேரத்தில் கதவு திறந்தது. ஓட்டுநர் சீருடையோடு அப்பா வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார். நான் தோற்பதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

பரீட்சகர் ஒரு கல்வெட்டு வரியைக் காட்டினார். அதில் 'மெரி' என்ற வினை. நேசித்தல் என்று பொருள்.

"இதன் வடிவங்களைச் சொல்லுங்கள்."

ஒன்றும் வரவில்லை. பரீட்சகரின் பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது.

பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

"மன்னிக்கவும். கேள்வியை ஒருமுறை மெதுவாகக் கேட்பீர்களா?" அப்பா நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"பார்வையாளர் பேசக் கூடாது. வெளியே போங்கள்."

வாசலில் நின்று தமிழில் எதையோ சொல்லிவிட்டுத்தான் போனார். பரீட்சகரின் முகம் இறுகியது. "விடையைச் சொன்னாரா? அப்படியானால் இதை நிறுத்த வேண்டியிருக்கும்."

"இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லச் சொன்னார்."

பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளி, கேள்வியை மெதுவாகத் திரும்பக் கேட்டார். சோபிகா குடித்தாள். நேசிக்கிறான், நேசித்தான், இரட்டித்த எழுத்தோடு நேசித்துக்கொண்டேயிருக்கிறான். ஒவ்வொன்றாக வந்தன.

பரீட்சை முடிந்து, தரத்தைக் கேட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, நடைவழியில் அப்பா தொப்பியைத் திருகியபடி நின்றார்.

"ஏனப்பா எழும்பினீங்கள்? நான் பெயிலானா உங்களுக்குச் சந்தோசம்தானே."

"நான் இஞ்சை அகதியா வந்த புதிசிலை பொலிஸ் இப்பிடித்தான் இருத்தி வைச்சு விசாரிச்சவங்கள். மொழிபெயர்ப்பாளர் சொன்னது ஒண்டும் விளங்கேல்லை. திரும்பக் கேளுங்கோ எண்டு சொல்ல எனக்கு ஒருத்தரும் இருக்கேல்லை." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன தந்தவங்கள்?"

"பி."

"ஏன், ஏ தரமாட்டாங்களாமோ?"

"நீங்கள் எழும்பின பயத்திலை ஒரு வடிவம் விட்டுப்போச்சு."

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். "சரி, கோயிலிலை கேட்டா என்ன படிப்பெண்டு சொல்லுறது? மெதுவாச் சொல்லு, பாப்பம்."