தூளியில் போட்ட கெக்

போன ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூரில், ஒரு பீர் கெக்கைத் தூளியில் போட்டு ஆட்டினோம்.

சத்தியமாக. சாட்சிக்கு நாற்பது பேர் இருக்கிறார்கள்.

பதறாதீர்கள்... உள்ளே இருந்தது நன்னாரி. வீட்டில் பீர் காய்ச்சினால் நம்மூரில் விருந்தாளிக்கு முன்னால் போலீஸ் வந்துவிடும். கெக் மட்டும்தான் பீருக்கானது. வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் அதை ஊற்றி, கேஸ் ஏற்றி வைப்பார்களே, ஐந்து லிட்டர் பிடிக்கிற குட்டி ஸ்டீல் பீப்பாய் — அது. என் மனைவியின் தம்பி பாஸ்கர் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் இரண்டு வாங்கிவிட்டான். கூடவே ரெகுலேட்டர், கேஸ் குப்பிகள்.

பாஸ்கருக்கு ஒரகடம் பக்கம் ஃபேக்டரி வேலை. ஞாயிறு வந்தால் விஞ்ஞானி. எலுமிச்சை, இஞ்சி, பன்னீர் திராட்சை என்று கையில் கிடைத்த எல்லாவற்றுக்கும் கேஸ் ஏற்றிப் பார்த்தான். ஒருமுறை மோருக்கு ஏற்றினான். அந்த வருடம் சமையலறைக்குத் தனியாக வெள்ளையடிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே அவன் மனைவி சுமதி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"பாப்பாக்கு பேர் வெக்கற அன்னிக்கி வர்றவங்களுக்கு இதுல ஒயுங்கா ஒரு டம்ளர் குடுத்துக் காட்டுங்க, வூட்ல வெச்சிக்கலாம். இல்லியா... மறுநாளே ரெண்டையும் காயலான் கடைல போட்ருவேன், ஆமா!"

பாஸ்கர் ஒப்புக்கொண்டான். அதோடு விட்டானா? காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் மாமனாருக்கு போன் போட்டு, "கலர் பாட்டிலெல்லாம் வாங்கியாராதீங்க மாமா, நானே ரெடி பண்ணிக்கினு கீறேன்" என்று வேறு சொல்லிவிட்டான். கெக்கோடு சேர்த்து மானத்தையும் பணயம் வைத்தாயிற்று.

ஞாயிறு காலை. விழா பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு என்னைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, டேஸ்ட் பாருங்க."

டம்ளரில் முக்கால்வாசி நுரை. அடங்கியதும் அடியில் இரண்டு விரற்கடை நன்னாரி. குடித்தேன். வெறும் சர்பத்!

"இன்னாடா, கேஸ் எங்க போச்சு?"

"நேத்துலேந்து ஏத்திக்கினேதான் கீறேன் மாமா..."

கெக்கைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. ஃப்ரிட்ஜ் முழுக்கப் பாலும் தயிரும் பூவும் அடைத்திருந்ததால், ஐயா இரண்டையும் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதுவும் கத்திரி வெயிலில். சூட்டில் கேஸ் தங்குமா? ஜில்லென்று இருந்தால்தானே கரையும்? வீடியோவில் பனி கொட்டும் ஊரில் நின்று பேசியவர் இதைச் சொல்ல மறந்துவிட்டார் போல.

சமையல்காரர் ஐஸ்கிரீமுக்காகக் கொண்டுவந்திருந்த ஐஸ் டப்பில், அவர் முறைக்க முறைக்க, இரண்டையும் அமுக்கினோம்.

அப்புறம் விழா. ஹாலில் காட்டன் புடவையில் தூளி கட்டி, குழந்தையைப் போட்டார்கள். அத்தை முறைக்கு என் மனைவிதான் காதில் மூன்று தடவை பெயர் சொன்னாள் — தமிழினி. மூன்றாவது தடவைக்கு தமிழினி வீறிட்டாள். சுமதி அவளைத் தூக்கிக்கொண்டு பாலூட்ட உள்ளே போனாள்.

பதினொன்றரை. கெக் இரண்டும் கை வைக்க முடியாத ஜில். ஆனால் கேஸ்?

"இனிமே ரெண்டு நாளு வெச்சா தானா ஏறிக்கும் மாமா."

"பந்தி பன்னெண்டரைக்குடா!"

"அப்ப குலுக்கணும். இருவது நிமிசம்... நிறுத்தாம."

ஆளுக்கொன்றை மடியில் வைத்துக்கொண்டு குலுக்கினோம். ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. பாஸ்கரின் கெக் வழுக்கி அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது. அந்த நேரம் பார்த்தா மாமனார் வர வேண்டும்?

"இன்னா மாப்ள, பொண்ணுக்கு பேர் வெச்ச அன்னிக்கி பீப்பாய மடில வெச்சிகினு கீறீங்க?"

பாஸ்கரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இருவரும் கெக்கைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே வந்து சோர்ந்து நின்றோம். நான் தூளியில் சாய்ந்தேன். அது ஆடியது.

"ஐயே, காலித் தூளிய ஆட்டாதீங்க! கொயந்தைக்கி வவுறு வலிக்கும்" என்று பாய்ந்தாள் என் மனைவி.

அப்போதுதான் சுமதி வெளியே வந்தாள். புருஷனின் சிவந்த கைகளைப் பார்த்தாள். கட்டைவிரலைப் பார்த்தாள். குழந்தையை என் மனைவி தோளில் சாய்த்துவிட்டு, அவன் கையிலிருந்த கெக்கை வாங்கி, துண்டால் சுற்றி, ரெகுலேட்டரோடு தூளியில் படுக்க வைத்தாள்.

"அடியே, இன்னாடி பண்ற?"

"காலியா ஆட்னாதான அண்ணி தப்பு?"

ஆட்ட ஆரம்பித்தாள். ஹாலே சிரித்தது. யாரோ ஒரு பெண்மணி ஆராரோ என்று எடுத்துக் கொடுக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது கெக்கும் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மாமனார் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தூளியில் காது வைத்தார். உள்ளே 'சிர்ர்ர்' என்று கேஸ் இறங்கும் சத்தம்.

"மெதுவா பாடுங்கம்மா... குடிச்சிகினு கீது!"

எல்லோரும் கிசுகிசுப்பாகப் பாடினோம். நானும்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பத்து நிமிடம் ஐஸில் உட்கார வைத்து, பாஸ்கர் முதல் டம்ளரை மாமனாரிடம் நீட்டினான். அவர் மடக் மடக்கென்று குடித்தார். டம்ளரை வைத்தார். ஹால் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது.

வந்தது ஒரு ஏப்பம்! வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு டம்ளர் ஊத்து மாப்ள."

பாஸ்கர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது — கேஸ் மூக்கில் ஏறியதும் ஒரு காரணம்.

வீட்டில் ஒருத்தருக்கு ஏதோ ஒரு கிறுக்கு இருக்கும். மீன் தொட்டி, பழைய ரேடியோ, கெக்... மற்றவர்களுக்கு அது எப்போது பிடிக்கிறது தெரியுமா? அவர்கள் கையும் ஒரு தடவை அதில் பட்ட பிறகு.

சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தேன். இரண்டு கெக்கும் கழுவித் துடைத்து, சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. "என்னம்மா, நாளைக்குக் காயலான் கடைதானே?" என்று சுமதியைச் சீண்டினேன்.

"தூளில போட்டுத் தாலாட்ன புள்ளைய யாருனா எடைக்கிப் போடுவாங்களா அண்ணா?"