கேட்டதைச் சொல்லாதவர்

திருச்சானூருக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஃபோனில் ராஜம்மா டீச்சர் பேசினார். "சார், நம்ம சாலோமி மேடம் பூட்டாங்க சார். ராத்திரி நல்லாத்தான் படுத்தாங்களாம். காலையில எழுந்திருக்கவே இல்ல." எதிரே ஒரு பெண்மணி மொட்டையடித்த குழந்தையின் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பாதி வழியில் இறங்கி, ஒரு பூக்கடை முன்னால் நின்றேன். கடைக்காரம்மா எத்தனை முழம் என்று கேட்டார். அந்த மல்லிகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தூரில் அவரும் நானும் பதினான்கு ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். எனக்கு இயற்பியல், அவருக்கு உயிரியல். பிறகு அவர் லீவு போட்டுச் சென்னையில் பயிற்சி எடுத்து வந்து, பிள்ளைகளுக்கு ஆலோசகரானார். இதைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் பலர் அவருடைய அறையில் உட்கார்ந்தவர்கள். உங்களுக்கு அவர் கவுன்சிலிங் மேடம். எனக்கு, நான் தவறு இழைத்த ஒரு தோழி.

அந்த அறை முன்பு பழைய வரைபடங்கள் போட்டுவைத்திருந்த இடம். மேடம் அவற்றை வெளியே தள்ளவில்லை. சுவரெல்லாம் மாட்டினார். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் அவற்றின்மேல் விழும். கடல்களின் நீலம் அறை முழுக்கப் பரவிவிடும். உள்ளே போனால் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். முதல் மாதம் யாருமே வரவில்லை. மேடம் ஒரு முறத்தில் வேர்க்கடலையைப் போட்டு, கதவைத் திறந்துவைத்து, தோல் உரித்துக்கொண்டிருந்தார். "கைக்கு வேலை இருந்தா வாய் தானா தொறக்கும் சார்" என்பார். பிள்ளைகள் முதலில் கடலைக்காகத்தான் வந்தார்கள்.

அவர் பிள்ளைகளிடம் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். சொல்லத் தோன்றினால் சொல், இல்லாவிட்டால் சும்மா உட்கார் என்பதை, "செப்பாலனிபிஸ்தே செப்பு, லேகபோதே கூர்ச்சோ" என்று பாட்டுப்போலச் சொல்வார். வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. பாதி நேரம் யாரும் பேசாத ஒரு அறைக்குச் சம்பளமா என்று ஸ்டாஃப் ரூமில் நான் கேட்டதும் உண்டு.

இரண்டாம் ஆண்டில் 'பக்கத்து பெஞ்சு' என்று ஒரு குழு அமைத்தார். மனம் சரியில்லாத பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையே துணை. நன்றாகப் படிக்கும் பத்துப் பேரின் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன். மேடம் அதை மடித்து வைத்துக்கொண்டு, "இவங்க புத்தி சொல்லுவாங்க சார். எனக்கு அழுது பழக்கம் இருக்கிறவங்க வேணும்" என்றார். அவர் முதலில் எடுத்தது, எட்டாவதில் ஒருமுறை தவறிய முனிலட்சுமியை. வெதுருகுப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து, தினமும் முதல் பீரியடுக்குத் தாமதமாகும் பெண் அவள். அவர்களுக்கு மேடம் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். பக்கத்தில் உட்கார். கேட்டதை வெளியே சொல்லாதே. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அந்த நிமிஷமே என்னிடம் கூட்டிக்கொண்டு வா. கடைசியாகச் சொன்னதை ஒவ்வொரு பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

என் மகள் நித்யா அப்போது அதே பள்ளியில் ஒன்பதாவது. ஒருநாள் மேடத்தின் அறை வாசலில் அவளுடைய செருப்பைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். வீட்டில் கேட்டபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். மூன்றாம் நாள் நேராக மேடத்திடம் போனேன்.

"என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லிக்கினு இருக்கா மேடம்?"

"உக்காருங்க சார்."

"உக்கார வரல. நான் அவ அப்பன்."

"உயிருக்கு ஆபத்துன்னு எதாவது இருந்தா மொதல்ல உங்க வீட்டு வாசல்லதான் நிப்பேன் சார். அப்படி ஒண்ணும் இல்ல. மத்தத அவளா சொல்லுவா. அது வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்."

"பத்து வருசமா ஒரே டேபிள்ள துன்னுக்கினு இருக்கோம்."

"அதுக்காகவும் சொல்ல மாட்டேன்."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் ரகசியம் பேசுகிறார்கள், பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடத்த இடமில்லை, இரண்டையும் சேர்த்து எழுதினேன். ஒரு வாரத்தில் அறை பூட்டப்பட்டது. மேடத்தை நூலகத்தில் உட்காரவைத்தார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நித்யாவும் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

இரண்டு மாதம் போனது. ஒரு பிற்பகல், மழை விட்டு எல்லாம் சொட்டிக்கொண்டிருந்த நேரம், ஆய்வகத்து ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தேன். படிக்கட்டில் நித்யா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. இருவரும் பேசவில்லை. அரைமணி நேரம் பார்த்தேன், அப்போதும் பேசவில்லை. பிறகு அந்தச் சிறுமி தன் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். நித்யாவின் முகத்தில் அப்போது வந்த அமைதியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. என் மகளுக்கு என்ன நோய் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ 'பக்கத்து பெஞ்சில்' சேர்ந்து, பூட்டிய அறையின் வேலையை வெளியே செய்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் நீர் வழிந்து அவர்கள் உருவம் கலங்கியது. கனவில் பார்ப்பதுபோல் நின்றுகொண்டே இருந்தேன்.

திரும்பினால் கதவருகே முனிலட்சுமி. "சார், ரூமு எப்ப தொறப்பீங்க?" என்றாள். மேடம் என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டேன். "மேடத்துக்குக் கோபம் இல்ல சார். எங்களுக்குத்தான்."

மறுநாள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "மொன்னதான, ரெண்டு மாசம் முந்தி, மூடச் சொன்னீங்க, இப்ப தொறக்கச் சொல்றீங்களே மாஸ்டாரு" என்று தலைமையாசிரியர் சிரித்தார். சாவியை நானே நூலகத்துக்கு எடுத்துப்போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். சாவியை மட்டும் நீட்டினேன். மேடம் சாவியை வாங்கிக்கொண்டு, "அப்பன்னா கேக்கத்தான் செய்வாரு சார். கேட்டதுல தப்பில்ல. பூட்டினதுதான் தப்பு" என்றார். இதைவிடச் சரியாக யாரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. அன்று மதியம் எங்கள் மேஜைக்கு வந்தார்.

அடக்கம் சித்தூரில், அவர்கள் சபையின் பழைய கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. சுற்றிலும் மாந்தோப்பு, பூத்த நேரம். பாட்டு பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் காற்றில் வந்து போயிற்று. உங்களில் எத்தனையோ பேர் வந்திருந்தீர்கள். போலீஸ் உடையில் ஒருவர், கைக்குழந்தையோடு முனிலட்சுமி, எனக்கு அடையாளம் தெரியாத இன்னும் பலர். மேடம் தனக்கு என்ன செய்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அழுதீர்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த மௌனமே அவருக்குச் செய்த மரியாதையாகப் பட்டது.

நித்யா இப்போது திருப்பதியில் நர்ஸ். நானும் அங்கேதான் இருக்கிறேன். திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். பூதலப்பட்டு தாண்டியதும், வெளியே பார்த்தபடியே, "நைனா, அப்ப மேடம்கிட்ட என்ன பேசினேன்னு இத்தினி வருசத்துல நீ அப்புறம் கேக்கவே இல்ல" என்றாள்.

"நீ சொல்லுவேன்னு மேடம் சொன்னாங்க" என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சந்திரகிரிக் கோட்டை மாலை வெயிலில் மிதந்துகொண்டு பின்னால் போனது. என் ஃபோன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அதில் நானும் இருந்தேன், என் கோபமும் இருந்தது. பலமுறை குறுக்கே பேச வாயெடுத்தேன். பேசவில்லை. சாலோமி மேடத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான்: வலித்தாலும் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரம்.

திருப்பதி பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு நைனா."

"சொல்லும்மா" என்றேன்.