எட்வின் அறுத்துப் பார்த்த ஒயர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரில் என் தங்கை ஸ்டெல்லா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன். முன்பக்கம் வீட்டுக்காரர் ரஷீத் பாய். பின்பக்கம் ஸ்டெல்லா, அவள் கணவர் எட்வின், எட்வினின் அப்பா.

பாய் வீட்டு டி.வி.யில் கிரிக்கெட். கடைசி ஓவர். தயிர் வாங்கி வரலாம் என்று எட்வின் காரை ஸ்டார்ட் செய்தார்.

"யா அல்லா! இப்பவா எடுக்கணும்!"

அடுத்த நிமிடம் பாய் எங்கள் வாசலில். கோபக்காரர் அல்ல. மெதுவாகத்தான் பேசினார். மெதுவாகப் பேசுகிறவர்கள் முடிவெடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன். சார் வண்டிய எடுத்தா என் டி.வி. பூரா கோடு. சத்தம் வேற. பேஜாரா இருக்கும்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு வண்டி போகணும்... இல்ல, வேற வீடு பாத்துக்குங்க."

வண்டி போக முடியாது. எட்வினின் அப்பாவுக்கு வாரா வாரம் வேலூர் ஆஸ்பத்திரியில் காலுக்குச் சிகிச்சை. பஸ் ஏற மாட்டார். வீடும் போக முடியாது. ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. மதிய இடைவேளையில் ஓடி வந்து மாமனாருக்குச் சாப்பாடு கொடுப்பது அவள்தான்.

இரண்டில் எதை விடுவது?

இத்தனைக்கும் அந்தக் கார் வாங்கியபோது சமர்த்தாகத்தான் இருந்தது. வேலூரில் ஒரு டாக்டர் ஓட்டிய பழைய பெட்ரோல் கார். ரேடியோகூடத் தெளிவாகப் பாடியது. ஒருநாள் மேட்டில் ஏறும்போது இன்ஜின் லேசாக இருமியது. "பிளக் ஒயரைப் பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

எட்வின் தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். அங்கே தோலின் மேல்பக்கத்தை யாரும் நம்புவதில்லை. ஓரத்தில் கொஞ்சம் அறுத்து, சாயம் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கவில்லையா... திருப்பி அனுப்பு!

பிளக் ஒயரையும் அப்படியே அறுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே செம்பு இல்லை. கறுப்பாக ஒரு நூல்.

"நூல் மச்சான்! வெறும் நூல்! டாக்டர் என்னை ஏமாத்திட்டாரு" என்று அன்றைக்கே எனக்கு போன் செய்தார்.

தடிமனான செம்புக் கம்பி ஒயராகப் பார்த்து மாட்டினார். பிளக் தலையில் இருந்த மூடிகளில் தடை வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவற்றையும் மாற்றிவிட்டார். கரண்டு தாராளமாகப் போகட்டுமே! வண்டி ஓடியது. ரேடியோ மட்டும் பட்டாணி வறுக்க ஆரம்பித்தது.

என்ன செய்தார்? ரேடியோவை அணைத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது. நம் காதில் விழாத சத்தம் இன்னொருவர் வீட்டில் விழும் என்று நமக்கு எங்கே தோன்றுகிறது? பாய் கேபிள் வேண்டாம் என்றவர். மொட்டை மாடி ஆண்டெனாதான். எட்வினின் கார் எழுப்பிய இரைச்சல் முழுவதும் நேராக அதில் போய் இறங்கியது.

பாய் முதல்முறை முறையிட்டபோது, "ஒயருக்கு ஷீல்டு போடணும்" என்று ஃபேக்டரியில் ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். ஷீல்டு என்றால் உறைதானே? உறை என்றால்... தோல்தானே? ஷூவுக்கு உள்ளே வைக்கும் மெல்லிய ஆட்டுத்தோலை எடுத்து, ஒவ்வொரு ஒயருக்கும் அளவெடுத்து, மிஷின் தையல் போட்டு மாட்டினார். நானே பானட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அத்தனை நேர்த்தி.

மறுநாள் மழை. தோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தோல் வழியாக இன்ஜினின் உடம்பில் கசிந்தது. வண்டி கிளம்பவே இல்லை. எட்வினும் நாலு பேரும் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போக, பாய் ஜன்னலில் இருந்து கை ஆட்டினாராம்.

"எட்வின் சார்! இன்னிக்கு படம் கண்ணாடி மாதிரி! இன்னா பண்ணீங்க?"

வெயிலில் தோல் காய்ந்தது. வண்டி கிளம்பியது. கோடும் வந்தது.

இந்தக் கதை இப்படியே வளர்ந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கெடுவில் வந்து நின்றது. பாய் போன பிறகு எட்வின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா சமையலறைக்குப் போய், ஜன்னல் மேல் இருந்த டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தாள். அவள் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

டிரான்சிஸ்டரை பானட்டுக்கு அருகே பிடித்தாள். பட் பட் பட். பிளக் ஒயரை நெருங்க நெருங்க பாட்டே கேட்கவில்லை. தள்ளிப் போனால் பாட்டு திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? உங்க செம்பு ஒயர் ஒவ்வொண்ணும் ஒரு ரேடியோ ஸ்டேஷன். ஸ்பார்க் அடிக்கும்போதெல்லாம் ஒலிபரப்பு நடக்குது. அந்த நூல் சும்மா நூல் இல்ல. கார்பன் ஏத்துனது. கரண்டு ஒரேடியா பாயாம தடுத்து அடக்கறதுக்குத்தான் அது."

"தடுத்தா ஸ்பார்க் கம்மி ஆயிடாதா?"

"ஆகாது. இடைவெளியத் தாண்டறதுக்கு வோல்டேஜ்தான் வேணும். அது ஆயிரக்கணக்குல இருக்கு. கரண்டு துளி போதும்."

"அப்போ நான் போட்ட ஷீல்டு?"

"ரேடியோ ஏரியல் ஒயரப் பாருங்க. உள்ள கம்பி வலை சுத்தி, அத வண்டி பாடியோட சேத்திருக்கான். இரைச்சல வலை வாங்கிக் கீழ இறக்கிடும். ஆட்டுத்தோல் எங்க இறக்கும்? குளிருக்கு வேணா ஆகும்."

எட்வின் இன்ஜினை அணைத்தார். பிறகு, "இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீங்க எங்க கேட்டீங்க? ஃபேக்டரி வாட்ச்மேன்கிட்டகூடக் கேட்டீங்க."

நான் காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வேலூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கார்பன் ஒயரும், தடை வைத்த மூடிகளும் வாங்கிக்கொண்டு மறுபடி ஆம்பூர் போனேன். எட்வின் மாட்டினார். அறுத்துப் பார்க்கவில்லை. கை மட்டும் துறுதுறுத்தது.

டி.வி. முன்னால் பாயை உட்காரவைத்தோம். எட்வின் சாவியைத் திருப்பினார். ஸ்டெல்லா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"பாய், கோடு வருதா?"

"மொதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கம்மா! அப்புறம்தானே தெரியும்!"

வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். தடை என்றாலே நமக்கு ஆகாது. நான் வேலை பார்க்கும் நாளிதழ் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். எந்தச் செய்தியைக் கொடுத்தாலும், "யார் சொன்னது? இன்னொரு தடவை கேட்டீங்களா?" என்பார். அவசரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே எரிச்சல் வரும். அவரைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு செம்புக் கம்பியை மாட்ட எத்தனை பேர் ஆசைப்பட்டிருக்கிறோம்! மாட்டியிருந்தால், தினமும் காலையில் எத்தனை வீட்டில் கோடு விழுந்திருக்கும்?

வீடு, கார் இரண்டும் தப்பின. எட்வின் மறுபடி ரேடியோ கேட்கிறார்.

ஆனால் போன வாரம் பாய் திரும்பவும் வாசலில் வந்து நின்றாராம். "எட்வின் சார், ஒரு சின்ன கம்ப்ளைன்ட்" என்று. காலையில் டி.வி.யில் கோடு விழுந்தால், எட்வின் கிளம்பிவிட்டார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்ட நேரமாகிவிட்டது என்று பாயின் மனைவி கணக்கு வைத்திருந்தாராம். இப்போது பிள்ளைகள் தினமும் லேட்.

எட்வின் இப்போதெல்லாம் கிளம்பும்போது ஒரு ஹார்ன் அடிக்கிறார் – பாயின் வேண்டுகோளின்படி.