வட்டக்காரர் வீட்டு மொட்டைமாடி

என் எதிர்வீட்டுக்காரர் எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்து அதன் அடியைப் பார்க்கிறார். பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த அன்றும் இதைத்தான் செய்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். "நம்மளது இல்ல," என்று வீங்கிய வாயால் முனகிவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி அமர்ந்தார்.

தெருவில் அவருக்கு வட்டக்காரர் என்று பேர். கல்யாணம், கூட்டம், பள்ளி விழா என்று யார் கேட்டாலும் நாற்காலி, மேசை, பெரிய பாத்திரங்கள், கூடாரத் துணி எல்லாம் வாடகைக்கு விடுகிறார். அவருடைய கொட்டகையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சாமானின் அடியிலும் கட்டைவிரல் அகலத்தில் சிவப்புப் பெயின்ட் வட்டம் ஒன்று இருக்கும். கொட்டகைக்குள் புதிதாக ஏதாவது வந்தால் முதலில் துடைப்பார், விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், பிறகு கவிழ்த்து வட்டம் போடுவார். இந்த மூன்றும் அவர் கை தானாகச் செய்கிற வேலை. அந்த நேரத்தில் வாய் வேறு யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டுச் சாமான்களில் வட்டம் இருக்காது. "வெளிய போய்ட்டுத் திரும்பி வரவேண்டியதுக்குத்தான் சார் மார்க்கு. வீட்லயே கிடக்கிற கரண்டிக்கு எதுக்கு?" என்பார். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு அவருடைய மகளின் பெட்டி. கல்யாணமாகி, விமானம் ஏறிப் போகிற தூரத்து ஊருக்கு அவள் கிளம்பிய அன்று, பெட்டியைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டுத்தான் அனுப்பினார். மகள் சிரித்துக்கொண்டே அழுதாளாம். மாப்பிள்ளைக்கு விஷயம் விளங்க ஒரு வருஷம் பிடித்ததாம்.

நான் எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவன். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி அவருக்கு ஒரு பொதுவான அபிப்பிராயம் உண்டு. அதை என் எதிரிலேயே சொல்வதில் கூச்சம் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் போனால் காபி கிடைக்கும். மின்கட்டணம் வந்த நாளாக இருந்தால் காபி மட்டும்தான் கிடைக்கும். பில்லை நின்றபடியே படிப்பார். படித்து முடித்ததும் என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனை அணைப்பார். விருந்தாளி வியர்த்தால் வியர்க்கட்டும். வீட்டின் பின்பக்கத்தில் நாற்காலி உறைகளையும் மேசை விரிப்புகளையும் வெளுக்க ஒரு பெரிய வாஷிங் மெஷினும், இஸ்திரி போடும் மெஷின் ஒன்றும் ஓடுகின்றன. இரண்டும் கரன்ட்டை அள்ளிக் குடிக்கின்றன.

அந்த வீட்டில் இன்னொரு பாக்கியும் இருந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருங்கள், ரூம் தயாராக இருக்கிறது என்பாள். இவர் "பார்ப்போம்மா" என்பார். இரண்டு வருஷமாக இந்தப் 'பார்ப்போம்' அந்த வீட்டுக்குள் நடமாடுகிறது. சமையலறை அலமாரியின் கதவு கம்பியில் கட்டித் தொங்குகிறது. கூடத்துச் சுவரில் பாதிக்குத்தான் வெள்ளை அடித்திருக்கிறது. மாடியில் அவர் மனைவியின் செடிகள் விரிசல் விட்ட வாளிகளிலேயே வளர்கின்றன. எதைச் சரிசெய்யச் சொன்னாலும், "போறதா இருந்தா எதுக்கு வீண் செலவு?" என்பார். போகலாமா என்று கேட்டால் அதற்கும் பார்ப்போம்தான்.

அவர் மனைவி அதிகம் பேசாதவர். ஒரே ஒருமுறை, நான் இருப்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னார்: "இருக்கோம்னா இருக்கோம்னு சொல்லுங்க. போறோம்னா போறோம்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் நான் தயார். இப்படி நடு வாசல்லயே நிக்க வெச்சா கால் வலிக்குதுங்க." வட்டக்காரர் அன்றைக்கும் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் சோலார் வந்து சேர்ந்தது. பளிச்சென்று சட்டை போட்ட ஒரு கம்பெனிக்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த நாற்காலி வீட்டு நாற்காலி என்பதால் கவிழ்த்துப் பார்க்கப்படவில்லை. மொட்டைமாடி முழுக்கத் தகடுகளை அவர்களே கொண்டுவந்து மாட்டுவார்களாம். கையை விட்டுக் காசு போட வேண்டாம். மாதாமாதம் வாடகை. ஒப்பந்தம் இருபது வருஷம்.

"ரிப்பேரு?"

"எங்க பொறுப்புங்க ஐயா."

"என் வீட்டு ஆளுங்களே உடைச்சிட்டா?"

"அது வந்து, வாடகைக்கு எடுத்தவங்க பொறுப்பு."

வட்டக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷமாகத் தான் சொல்லிவந்த வசனத்தை வேறொருவர் வாயால் கேட்கிற சந்தோஷம். "கீறல் விழுந்தா? கணக்குல ஒண்ணு குறைஞ்சா? திருப்பி எடுக்கும்போது யாரு வண்டி?" என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டி, "சரியாத்தான் வெச்சிருக்கீங்க," என்று பாராட்டினார். பரீட்சை எழுத வந்தவர்போல் கம்பெனிக்காரர் வியர்த்துப்போனார். ஃபேன் வேறு ஓடவில்லை.

"வீட்டை வித்துட்டா?" என்று கேட்டது வட்டக்காரரின் மனைவி. சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"வாங்குறவங்க பேருக்கு ஒப்பந்தத்தை மாத்திக்கலாம்மா. நீங்க கவலையே பட வேண்டாம்."

வாடகைக்கு எடுத்தால் கைக்காசு கையிலேயே இருக்கும். போகிற வழி திறந்திருக்கும். சொந்தமாக வாங்கினால் ஏழெட்டு வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அப்புறம் வருவதெல்லாம் மிச்சம். ஆனால் சேமிப்பில் பாதி மொட்டைமாடிக்கு ஏறிவிடும், அதைப் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போக முடியாது. சோலார் வாடகையா, சொந்தமா என்று கேட்டால் இருப்பதா, போவதா என்றே கேட்பதாக ஆகிவிட்டது. அவருக்கும் இது தெரிந்திருந்தது. முடிதிருத்துகிறவரைக் கேட்டார், லாரி டிரைவரைக் கேட்டார், கடைசியில் என்னையும் கேட்டார். வாடகையே தேவலை என்றேன். "நீங்க குடித்தனக்காரர். வேற என்ன சொல்வீங்க?" என்று சொல்லிவிட்டார்.

கம்பெனிக்காரர் மாதிரிக்கு ஒரு தகட்டை விட்டுப் போயிருந்தார். ஒரு வாரம் வைத்துப் பார்க்கட்டும் என்பது அவருடைய வியாபாரத் தந்திரம். அது கொட்டகையில் நாற்காலி அடுக்குகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. வாரம் முடிந்து அதை எடுத்துப் போக அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். தகட்டைத் திருப்பியவர் அப்படியே நின்றார்.

"என்னங்க ஐயா இது?"

தகட்டின் பின்பக்கச் சட்டத்தில் அழகாக, காய்ந்த சிவப்பு வட்டம்.

வட்டக்காரர் குனிந்து பார்த்தார். "நம்ம மார்க்கு," என்று பாதி சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. துடைத்திருக்கிறார், தட்டியிருக்கிறார், கவிழ்த்துப் போட்டும் இருக்கிறார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. தன் நாற்காலியில் வேறொருவன் பேர் எழுதிவிட்டான் என்று போட்டிக் கடை வாசலில் நின்று தெருவே கூடும்படி கத்தியவர் இவர்தான். அதே மனிதர் இப்போது திருடிவிட்டு அகப்பட்டவர்போல் நின்றார். எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பெயின்ட் கரைக்கும் தின்னரும் துணியும் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து தானே தேய்த்தார். வட்டம் போனது, இளஞ்சிவப்பாகக் கறை மட்டும் நின்றது. தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இருபது வருஷம் என் தலைக்கு மேல இருக்கும். தினம் நான்தான் ஏறித் தொடைப்பேன். அப்பவும் உங்களதுதான், இல்லையா தம்பி?"

"ஆமாங்க ஐயா. ஒப்பந்தப்படி."

"நான் வாடகைக்கு விடுறவன். வாடகைச் சாமானை ஜனங்க எப்படி வெச்சிருப்பாங்கன்னு பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. அப்படி வெச்சிருக்க எனக்கு வராது. நல்லா வெச்சுக்கிட்டா, ஒருநாள் இதே மாதிரி என்னுதுன்னு நினைச்சுக்குவேன்." துணியை உதறினார். "வேணாம்ப்பா. சொந்தமா வாங்கிடறேன்."

"வாங்குறதுன்னா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி.

"வாங்குறதுன்னா வாங்குறதுதான். இங்கதான்."

அம்மாள் உள்ளே போனார். மறுநாள் காலை சமையலறை அலமாரிக்குப் புதுக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவருக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. எதிர்வீட்டில் இருந்தபடியே கேட்கலாம். அன்று நான் அவர் கூடத்திலேயே இருந்ததால் மகள் பேசியதும் கேட்டது. தகடு, வயர், வெயில் எல்லாவற்றையும் இவர் விவரித்து முடிக்கும்வரை அவள் பொறுமையாக இருந்தாள். பிறகு, "அப்ப நீங்க வரமாட்டீங்க. அதை நேராவே சொல்லியிருக்கலாமேப்பா," என்றாள். குரல் உடைந்திருந்தது. அவள்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு ரூமைத் தயாராக வைத்திருந்தவள் அவள்.

இவர் இப்போது பார்ப்போம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை. "வரோம்மா. ஒரு மாசம் இருக்கோம். இருந்துட்டுத் திரும்பி வந்துடறோம்."

"புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கேன்ப்பா."

"அதுல நல்லா தூங்குறோம்."

தகடுகள் வந்தன, மாட்டினார்கள். ஆட்கள் இறங்கிப் போனதும் வட்டக்காரர் பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக மாடி ஏறினார். என் ஜன்னலிலிருந்து அந்த மொட்டைமாடி நன்றாகத் தெரியும். செடி வாளிகள் வெயில் படும் ஓரத்துக்கு நகர்ந்திருந்தன. அவர் முதல் தகட்டுக்கு அடியில் குனிந்து, பிரஷைத் தோய்த்து, சட்டத்துக்கு அருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. என்ன யோசித்தாரோ, பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு மூடியை அழுத்திக்கொண்டு இறங்கிவிட்டார். எதிலும் போடவில்லை.

சாயங்காலம் போனேன். கூடத்தின் நடுவில் இரண்டு புதுப் பெட்டிகள், பெரியது ஒன்று, சிறியது ஒன்று, கவிழ்ந்து கிடந்தன. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பெரிய பெட்டியின் அடியில் சிவப்பு வட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார். சிறியதில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அவர் மனைவி வந்து குனிந்து பார்த்தார். "ஈரம் காயட்டும். யாரும் தொடாதீங்க," என்று சொல்லி, இரண்டு பெட்டிகளையும் ஃபேனுக்கு நேர் கீழே நகர்த்தி, சுவிட்சைப் போட்டார்.

வட்டக்காரர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். சுவிட்ச் இருந்த பக்கம் நடந்து போய், வேகத்தை ஒரு படி கூட்டினார்.